கஞ்சி பட்ட தாள்

மகன்,

வரும் புதன்கிழமை நீ தாலி கட்டப்போகிறாய். கட்டிய கையோடு மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய், துஷாந்தியின் வீட்டில் குடியிருக்கப்போகிறாய். நம் பக்கத்து வழக்கம் அது. வீடு பெண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளை பெண் வீட்டுக்கு. இதில் நான் குறைசொல்ல ஒன்றுமில்லை. உன் அப்பாவும் ஒரு றங்குப்பெட்டியோடு இதே வாசலில் வந்து இறங்கியவர்தான். அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப்போன அவருடைய தாயின் முகம் அன்று எப்படியிருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் என் கூறைச்சேலையின் கொசுவத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் கழித்து, அந்த முகத்தை இப்போது என் கண்ணாடியில் பார்க்கிறேன்.

இந்தத் தாளைக் கையில் எடுத்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், இது படுவான்கரையில் உங்கள் கொட்டிலில் செய்த தாள். பழுதாகிப்போனது என்று நீ வீட்டில் போட்டுவிட்டுப் போன கட்டிலிருந்து எடுத்தேன். மைப்பேனையால் எழுதுகிறேன். எழுத்தெல்லாம் பரவி, மசுக்குட்டிப் புழு போல மயிர் முளைத்துக் கிடக்கிறது. உனக்கு வாசிக்கக் கஷ்டமாயிருக்கும். வீட்டில் நல்ல கொப்பிகள் இல்லாமல் இல்லை. காரணத்தோடுதான் இதில் எழுதுகிறேன். பொறுமையாக வாசி. வாயால் சொல்ல இரண்டு தரம் முயன்றேன். ஒரு தரம் உன் ஃபோன் அடித்தது. மற்றத் தரம் ஒன்றும் அடிக்கவில்லை, என் நாக்குத்தான் எழும்பவில்லை.

எனக்குத் தவமணியின் மேல் பொறாமை. உனக்கு மாமியாகப் போகிறவளின் மேல். இந்த ஒரு வரியை எழுத மூன்று நாள் பிடித்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவள், ஆடிச் சடங்கு முடியும்வரை மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடாதவள், அப்படிப்பட்டவளுக்குப் பொறாமை வருமா என்று நானே கேட்டு, வராது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்தது மகன். வந்து, சப்பாணி கட்டி உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து சோறும் தின்றது.

எப்போது தொடங்கியது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ வேலை செய்கிற அச்சகத்தின் பின்பக்கம் வெட்டுத் தாள்களைக் குவித்து எரிப்பார்கள் என்று வந்து வருத்தப்படுவாய். பிறகு ஒருநாள், படுவான்கரையில் ஒரு அம்மா பழைய பேப்பரை அரைத்துத் தாள் செய்கிறாவாம், அவவுக்கு அந்த வெட்டுத் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்றாய். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தின் பழைய பரீட்சைத் தாள்கள், காத்தான்குடிப் புடவைக் கடைகளின் அட்டைப் பெட்டிகள் எல்லாம் உன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்தன. பழுதான துணி துவைக்கும் மெசினின் மோட்டாரைக் கழற்றி, கூழ் அடிக்கும் மெசின் செய்து கொடுத்தாய். நம் வீட்டு மின்விசிறி அந்த நேரம் ஆறு மாதம் சுற்றாமல் கிடந்தது. நீ துஷாந்தியை விரும்பினாய் என்று ஊரெல்லாம் சொல்கிறது. எனக்குத் தெரியும், அது பிறகு. முதலில் நீ விரும்பியது அவளுடைய அம்மாவின் கூழை.

முதல் தாளைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாய்.

“அம்மா, இதப் பாருங்க. போன கிழமை வரைக்கும் இது பரீட்சைப் பேப்பர்.”

“ரொட்டி மாதிரிக் கிடக்கு மனே. சம்பலோட தின்னலாம் போல.”

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். “மாமி சொன்னா, அடுத்தது இன்னும் மெல்லிசா வருமாம்.” அதுதான் முதல் ‘மாமி சொன்னா’. அப்போது கலியாணப் பேச்சுக்கூட இல்லை, அதற்குள் மாமி. அதன் பிறகு மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தால் மாமி சொன்னா வைக்கோலைச் சேர்த்தால் தாள் இறுகுமாம், மாமி சொன்னா அறுவடை முடிந்ததும் வயல்வட்டையில் எரிக்கிற வைக்கோலை வாங்கலாமாம், மாமி சொன்னா மருந்து போட்டு வேகவைக்கத் தேவையில்லையாம், அடுப்புச் சாம்பலை ஊறவைத்து வடித்த தண்ணீரே போதுமாம். எதையும் எண்ணிப் பழகியவள் நான். ஒருநாள் ஒரு கோப்பைச் சோறு முடிவதற்குள் பதினொரு தரம் சொன்னாய். சாம்பல் தண்ணீரின் குணம் எனக்குத் தெரியாதா? இத்தனை வருடம் எதைப் போட்டுச் சட்டி தேய்த்தேன் என்று நினைத்தாய்?

எனக்கு அதிகம் வலித்தது இன்னொன்று. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மீதிப் படிப்பைக் கடையில் சாமான் சுற்றித் தந்த தாள்களில்தான் படித்தேன். சீனியைப் போத்தலில் கொட்டிவிட்டு, பேப்பரை விரித்து, கசங்கலை உள்ளங்கையால் தேய்த்து வாசிப்பேன். கதையின் முதல் பாதி சீனிப் பொதியில் வந்தால் மறுபாதி எந்த வீட்டுக்குப் பருப்பாகப் போனதோ. அப்படி வாசித்து வாசித்துத்தான் கணக்கு எழுதவும், உனக்கும் அக்காவுக்கும் பாடம் சொல்லித் தரவும் பழகினேன். ஒரு துண்டுத் தாளை நான் எறிந்து நீ பார்த்திருக்க மாட்டாய். தாளில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றச் சொன்னவள் நான். அப்படியிருக்க, பழைய தாளுக்கும் ஒரு உயிர் இருக்கிறது என்பதை நீ படுவான்கரைக்குப் போய்த்தான் கண்டுபிடித்த மாதிரிப் பேசினாய். நான் விதைத்த வயலில் வேறு யாரோ சூடு அடிப்பது போல இருந்தது எனக்கு.

ஆனால் ஒன்றில் உன்னைப் பார்த்துப் பெருமைப்பட்டதையும் சொல்ல வேண்டும். தாள் வெள்ளையாக வர மருந்து போட மாட்டோம், சாயத் தேத்தண்ணி நிறத்திலேயே இருக்கட்டும் என்றாய். கூழ்த் தண்ணீரைத் திரும்பத் திரும்ப நான்கு தரம் பாவித்து, கடைசியில் வாழைக்குத் திருப்பிவிடுவோம் என்றாய். “வாவிக்கு எங்கட கொட்டிலில இருந்து ஒரு சொட்டும் போகாது அம்மா” என்று நீ நெஞ்சை நிமிர்த்திச் சொன்னபோது என் கண் கலங்கியது. அந்த நேரத்தில்கூட என் வாயில் வந்தது என்ன? “ஓமோம், அதுவும் மாமி சொன்னதாக்கும்.”

இனி வருவதுதான் நான் செய்த பிழை. தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கரிடம் உங்கள் தாளைக் கொண்டுவந்தாய். சடங்குக்கு உபயகாரரின் பெயர்களைப் பதிகிற கொப்பிகள் எல்லாவற்றையும் இனிமேல் உங்கள் தாளில் செய்யலாமா என்று கேட்டாய். நம் கோயிலில் சரிவந்தால் சுற்றியிருக்கிற கோயில்களும் கேட்கும், கொட்டில் நிமிர்ந்துவிடும் என்பது உன் நம்பிக்கை. நான் திருநீற்றுக்காகக் காத்துக்கொண்டு தூணோடு நின்றேன். நீ என்னைக் காணவில்லை. வண்ணக்கர் மைப்பேனையை எடுத்து ஒரு பெயர் எழுதிப் பார்த்தார். அம்மாளின் உருவம் உள்ள கோயில் முத்திரையையும் குத்திப் பார்த்தார்.

“தம்பி, தாள் வடிவாத்தான் கிடக்கு. ஆனா எழுதினா வேர் விடுது. முத்திரையப் பாரும், அம்மாளுக்குத் தாடி முளைச்சிட்டு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உன் காது சிவந்தது. “சரிசெஞ்சு கொண்டு வாறன் ஐயா” என்றாய். சடங்குக்கு ஒரு மாதம் முந்திக் கொண்டுவந்தால் எடுப்போம், இல்லையென்றால் வழமைபோல டவுன் கடைதான் என்று அவர் சொல்லிவிட்டார். தூணோடு நின்ற உன் தாய் என்ன நினைத்தாள் தெரியுமா? மாமி சொன்னது பிழைத்துப்போய்விட்டது என்று நினைத்தாள். அம்மாளின் சந்நிதியில், பெற்ற பிள்ளை தலைகுனிந்து நிற்க, உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது எனக்கு.

இரண்டு நாள் கழித்து அக்காவின் பள்ளிக்கூடச் சேலைகளுக்குக் கஞ்சி போட்டேன். நீ போட்டுவிட்டுப் போன தாளில் ஒன்றைக் கஞ்சிச் சட்டிக்கு அடியில் வைத்திருந்தேன், வழிந்தால் நிலம் பிசுபிசுக்கக் கூடாதென்று. காய்ந்த பிறகு அதே தாளில் கடைக்குச் சாமான் துண்டு எழுதினேன். ‘பருப்பு’ வேர் விட்டது. ‘செத்தல் மிளகாய்’ பாதி வரை வேர் விட்டு, மறுபாதி அச்சடித்தது போல நின்றது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கஞ்சி வழிந்து காய்ந்த இடத்தில் மை நின்றுவிட்டது. அவ்வளவுதான் விஷயம். சேலைக்குச் செய்வதைத் தாளுக்கும் செய்ய வேண்டும். கஞ்சி, எல்லார் வீட்டிலும் இருக்கிற கஞ்சி. நீ கெட்டிக்காரன், உன் மாமியும் கெட்டிக்காரி, ஆனால் உங்கள் கொட்டிலில் யாரும் சேலைக்குக் கஞ்சி போடுகிறவர்கள் இல்லை.

அந்த நிமிடமே உனக்கு ஃபோன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, நீங்கள் யாரும் இல்லாத பகல் பொழுதுகளில் உட்கார்ந்து செய்து பார்த்தேன். கஞ்சி தடிப்பாக இருந்தால் தாள் மடிக்கும்போது வெடித்தது. நீர்த்தால் மை பரவியது. அளவு சரிவந்ததும் சிற்றெறும்பு மொய்த்தது, வேப்பிலை போட்டுக் காய்ச்சினேன், எறும்பு விட்டது. ஒன்பதாம் தரம் செய்த தாளில் ‘அம்மாளே துணை’ என்று எழுதினேன். ஒரு புள்ளிகூட அசையவில்லை. அளவை என் கணக்குக் கொப்பியில் எழுதினேன். அரிசி எத்தனை, தண்ணீர் எத்தனை எல்லாம் இருக்கிறது, எதற்கு என்று மட்டும் எழுதவில்லை. இத்தனை வருடத்தில் எதற்கென்று எழுதாமல் நான் விட்ட ஒரே கணக்கு அதுதான். அந்தத் தாளை சாமித்தட்டில் விரித்த துணிக்கு அடியில் வைத்தேன். தொண்ணூற்றாறு நாள் அங்கே இருந்தது. ஒவ்வொரு நாளும் விளக்கேற்றக் குனியும்போது துணியின் ஓரத்தால் அது எட்டிப் பார்க்கும். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லையே, சும்மாதானே இருக்கிறேன் என்று அம்மாளிடம் வழக்காடிக்கொண்டு கற்பூரம் கொளுத்துவேன்.

இதையெல்லாம் உனக்குப் புத்தி சொல்வதற்காகவும் எழுதுகிறேன். குடும்பம் நடத்தப் போகிறாய். கத்திப் பேசிய சொல்லுக்கு அடுத்த நாள் மன்னிப்புக் கேட்கலாம், எதிரில் இருப்பவளுக்கும் அது எதற்கென்று தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருந்ததற்கு யாரிடம் போய்க் கேட்பாய்? நீ ஒளித்தாய் என்பதே அவளுக்குத் தெரியாது. துஷாந்தி தேடுகிற ஒன்று உன் கையில் இருந்தால், கோபத்தில் முகம் பாராமல் இருக்கிற நாளிலும் அதை எடுத்து நீட்டிவிடு. பேசாமல் நீட்டினாலும் போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை, பந்தல் விஷயம் பேச நான் தனியே பாலம் கடந்து அங்கே வந்தேன். நீ அச்சகத்தில் நின்றாய். வீட்டுக்குப் பின்னால் தவமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் நிற்கிறாள். முழங்கால் வரை வெள்ளை நுரை.

“என்ன மச்சாள், கலியாணம் கிட்டடியில கிடக்கு, நீங்க வாளியோட நிக்கிறீங்க?”

“வாங்க மச்சாள். டவுனில ஒரு பசை வாங்கினம். போட்டா மை ஊறாது எண்டாங்க. ஊறேல்லத்தான். ஆனா கழுவின தண்ணி இந்தா, இப்பிடி நுரைச்சுக்கொண்டு ஓடுது. விட்டா நேர வாவிக்குத்தான் போகும். மகன் வந்து கண்டா மனம் உடைஞ்சு போவார். அதான் அவர் வாறதுக்குள்ள அள்ளி அங்கால மேட்டில ஊத்துறன்.”

மகன் என்றாள். என் மகனை. அது சுருக்கென்று குத்தியதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் அவளுடைய கைகள் முழங்கை வரை சிவந்து, தோல் சுருங்கியிருந்தன. எத்தனையாவது வாளியோ.

“கண்டா என்ன செய்வார்?” என்று கேட்டேன்.

“நேத்தே சொல்லிப்போட்டார் மச்சாள். பசை போட்டுத்தான் கொட்டில் நடக்குமெண்டா கொட்டிலே வேணாம், கலியாணம் முடியக் கட்டாருக்குப் போறன் எண்டு. ஏஜென்சியிலயும் கதைச்சிட்டாராம். உங்களுக்குச் சொல்லேல்லையா?”

நீ சொல்லவில்லை. கொட்டில் மூடப்போகிறது என்று கேட்டதும் என் மனம் ஒரு துள்ளுத் துள்ளியது உண்மை. கட்டார் என்றதும் அது அப்படியே விழுந்தது. இந்தப் பாலத்தை நான் மனதுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறேன். பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் உன்னிடம் வந்து சேரக்கூடிய ஒரு பாலம் அது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

துஷாந்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

“மாமி, இண்டைக்கு உங்கள நல்லா ஏசப்போறன். இவர் இஞ்ச வந்தா ஒரே பாட்டுத்தான். ‘எங்கட அம்மா அரிசி கழுவின தண்ணியையும் சும்மா ஊத்தமாட்டா. எங்கட அம்மா சீனி சுத்தின பேப்பரையும் வாசிச்சுப்போட்டுத்தான் மடிச்சு வைப்பா.’ தண்ணிய நாலு தரம் பாவிக்கிறதும் உங்கட வீட்டுப் பழக்கமாம். அம்மா சொன்னா, அம்மா சொன்னா எண்டு காது புளிச்சுப்போச்சு. ஒருநாள் எங்கட அம்மாவுக்குப் பொறுக்கேலாமப் போய், ‘அப்ப உங்கட அம்மாவையே கூட்டிக்கொண்டு வாங்க, எனக்கும் ஓய்வு கிடைக்கும்’ எண்டு சொல்லிப்போட்டா. அதுக்குப் பிறகு மூணு நாளைக்கு மூஞ்சி இப்பிடி.” இரண்டு கன்னத்தையும் ஊதிக் காட்டினாள்.

“போடி வாயாடி” என்று சொல்லிவிட்டுத் தவமணி நுரைக்குள் குனிந்துகொண்டாள். அந்த மூஞ்சியை எனக்கு நன்றாகத் தெரியும் மகன். கோப்பையில் சோறு போட்டபடி பதினொன்று வரை எண்ணிய மூஞ்சி அது. அவளும் எண்ணியிருப்பாள். இரண்டு பேரும் வாவியின் இரண்டு கரையிலும் இருந்துகொண்டு ஒருத்தியை ஒருத்தி எண்ணியிருக்கிறோம், நடுவில் நீ பேப்பர் கட்டோடு ஓடித் திரிந்திருக்கிறாய்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வாளியை வாங்கி அவளோடு சேர்ந்து நுரை முடியும்வரை அள்ளி ஊற்றினேன், தேத்தண்ணியைக் குடித்தேன், வந்துவிட்டேன். என் வெட்கம் அவ்வளவுக்குத்தான் இடம் தந்தது. வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, சாமித்தட்டுத் துணியைத் தூக்கி அந்தத் தாளை எடுத்தேன். விளக்கெண்ணெய் ஒரு மூலையில் பட்டிருக்கிறது, மற்றப்படி நன்றாக இருக்கிறது.

இப்போது அடுத்த தாளை எடு. நீ வாசித்துக்கொண்டிருப்பது அந்தத் தாள். பேனை அதேதான், மையும் அதேதான். எழுத்து நிற்கிறது, பார்த்தாயா? மேலே ‘அம்மாளே துணை’ என்று இருப்பது அன்றைக்கு எழுதியது. கீழே உள்ளது இன்றைக்கு எழுதுவது.

அரிசி அளக்கிற சுண்டுப் பேணியால் அரைச் சுண்டு உடைந்த குறுணல் அரிசி. ஆறு சுண்டு தண்ணீர். ஒரு பிடி வேப்பிலை. அரிசி முற்றாகக் கரையும்வரை காய்ச்சி, பழைய வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிக்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டில், அகலத் தட்டில் ஊற்றி, காய்ந்த தாளை ஒரு ஓரத்திலிருந்து மெல்ல இறக்கி எடுக்க வேண்டும். வெயிலில் போடாதே, சுருளும். நிழலில் காயவிடு. முக்கால்வாசி காய்ந்ததும் பலகைக்கிடையில் அமத்தி வை. முற்றாகக் காய்ந்த பிறகு கடற்சோகியின் முதுகால் தேய்த்தால் மினுங்கும். மிஞ்சிய கஞ்சியை மாட்டுக்கு வைக்கலாம், வாழைக்கும் ஊற்றலாம். தட்டுக் கழுவின தண்ணீர் தவறி வாவிக்குப் போனாலும் மீன் தின்றுவிட்டுப் போகும், நுரை வராது. வண்ணக்கர் சொன்ன தவணைக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது, எண்ணிவிட்டேன். கலியாண வேலையை நாங்கள் பார்க்கிறோம். நீ நாளைக்கே பத்துத் தாள் தோய்த்துப் பார். பார்த்துவிட்டு ஏஜென்சிக்காரனுக்கு என்ன சொல்வதென்று நீயே முடிவெடு.

இந்த அளவை எழுதாமல், ‘நானே வந்து காட்டுகிறேன்’ என்று மட்டும் எழுதத்தான் முதலில் நினைத்தேன். அப்படியென்றால் கொட்டிலுக்கு நான் தேவைப்படுவேன் அல்லவா. பேனையை எடுத்த பிறகுதான் விளங்கியது, அதுவும் துணிக்கு அடியில் தாளை வைக்கிற அதே வேலைதான் என்று. ஆகவே எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். என் கையில் மிச்சம் ஒன்றுமில்லை. இனி இதற்காக நீ என்னைத் தேடி வரவேண்டிய தேவை இல்லை. கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டாலும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் நிற்பேன், நீ அறிந்ததுதானே.

முன் பக்கங்களையும் சேர்த்து முழுக் கடிதத்தையும் தவமணிக்கும் துஷாந்திக்கும் வாசித்துக் காட்டு. தொண்ணூற்றாறு நாளையும் மறைக்காதே. தவமணி என்னை ஏசினால் ஏசட்டும், அந்த நுரையை அள்ளியவள் அவள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கஞ்சி அளவை வாசிக்கத் தொடங்கும்போது, ‘அம்மா சொன்னா’ என்று தொடங்கு. அவளுடைய மூஞ்சி மூன்று நாளைக்கு எப்படியிருந்தாலும் பரவாயில்லை.

அம்மா